மஞ்சள் கோடு

ஒரே ஒரு வரிதான் பாக்கி. அதை எழுத மாட்டேன் என்று தங்கச்சி பிடிவாதமாக இருந்தாள்.

மற்றதையெல்லாம் எழுதிவிட்டாள். பெல்ட் மாட்டுவது என் வேலை. நாலாம் நம்பர் இருக்கைக்கு நான் மாட்டவில்லை. தப்பு என்னுடையது. ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டு குண்டான எழுத்தில். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். எல்லாம் சரி என்று நான் கையைத் தூக்கிக் காட்டிய பிறகே டவர் ஏறியது. இதுதான் அந்த வரி.

"கையைத் தூக்கினேனான்னு எனக்குத் தெரியலையே அண்ணா."

"நான்தான் பாத்தேன்னு சொல்றேன்ல."

"நீ பாத்தே, சரி. எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லைன்னு வேணும்னா எழுதறேன்."

"அப்படி எழுதினா உன்னைப் பைத்தியம்னு சொல்வாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்."

ஞாபகம் இல்லை என்று அவள் எழுதினால் அடுத்த கேள்வி அண்ணனிடம் வரும். அந்த நேரம் நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் அந்த வரி வந்தாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே போவது அவன்.

பொழுதுபோக்குப் பூங்காவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கு என்பார்கள். டவர் அவன் கையில் இருந்தது. இருபது மாடி உயரத்துக்கு ஒரு தூண். அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு நாலு இருக்கை. பதினாறு பேரை மேலே இழுத்துக்கொண்டு போய், கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, சட்டென்று விட்டுவிடும். மூன்று விநாடியில் தரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவ்வளவுதான் விளையாட்டு. மற்ற ஆட்கள் மேலே ஐந்து விநாடி நிறுத்துவார்கள். அவன் யாராவது அழுகிற வரைக்கும் நிறுத்துவான். கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுவான். இருக்கைக்கு அடியில் இருக்கும் ஸ்பீக்கரிலும் கேட்கும், கீழே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"வீட்டுச் சாவியைக் கீழ குடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்தா வாங்கிக்கலாம்."

"ஏம்மா, பக்கத்துல உக்காந்திருக்கறது உன் புருஷனா? நீ அவரு கையைப் புடிச்சிருக்கே, அவரு கம்பியைப் புடிச்சிருக்காரு. பாத்து வெச்சுக்கோ."

"என்ன அவசரம்? மேல காத்து நல்லா வருதுல்ல? இருங்க."

கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே சில பேர் டவரில் ஏறாமல் கீழே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

தங்கச்சிக்குக் கீழே மேடையில் வேலை. ஒவ்வொருவருக்கும் தோள் கம்பியை இறக்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பெல்ட் மாட்டுவாள். யாராவது செருப்போடு உட்கார்ந்திருந்தால் கழற்றிக் கொண்டுபோய் ரேக்கில் வைப்பாள். எல்லாம் முடிந்ததும் மேடை ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கோட்டில் வந்து நின்று வலது கையைத் தூக்குவாள். அந்தக் கை எழாமல் அவன் பட்டனைத் தொடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எண்பது தடவை தூக்குகிற கை. அதில் ஒரு தடவையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்த பெண் டவர் கீழே வந்து நிற்கிற வேகத்தில் கம்பிக்கு அடியில் நழுவி விழுந்துவிட்டாள். பத்தொன்பது வயது. தையல்காரர் மகள். உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

தங்கச்சி அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. வரிசையில் நின்ற ஒரு தடித்த ஆளைத் திரும்பிப் பார்த்து மைக்கில் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஏற்றிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஏற்றிவிட்டான்.

டவர் எழும்பும் அந்த நொடியில் மேடைக் கேமரா தானாக ஒரு படம் எடுக்கும். படம் வெளியே பெரிய திரையில் வரும்; பிடித்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் படக் கவுண்ட்டரில் அவன் பெண்டாட்டிக்கு வேலை. அன்று சாயங்காலம் அவள்தான் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். முன்வரிசையில் நாலு பேர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறார்கள். நாலாவது இருக்கையில் பெல்ட் தொங்குகிறது. பக்கத்தில் தங்கச்சி, ரேக்கை நோக்கிப் பாதி திரும்பியபடி. இரண்டு கையிலும் செருப்பு. பின்னால் கண்ணாடிக்குள் அவன் முதுகு.

"அழிச்சுடு," என்றான்.

அழித்தாள்.

"இன்னொரு தடவை பாரு. எங்கயாவது மிச்சம் இருக்கப் போகுது."

பார்த்தாள். இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தங்கச்சியிடம், "நீ கையைத் தூக்கினே, நான் ஏத்தினேன்," என்று சொன்னான். அவள் நம்பினாள். அண்ணன் சொல்லி அவள் எதையும் நம்பாமல் இருந்ததில்லை. அவள் வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் தையல்காரர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணின் கால்களைத் தேய்த்துவிடுவாள். முதல் வாரம் பெண்ணின் அம்மா துடைப்பத்தால் அடித்தாள். இரண்டாம் வாரமும் அடித்தாள். பிறகு கை வலித்ததோ என்னவோ, அழுக்குத் துணி வாளியைக் காலால் தள்ளிவிடுவதோடு நிறுத்திக்கொண்டாள். தங்கச்சி துவைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள்.

"போகட்டும் விடு," என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னான். "நாளைப்பின்ன விசாரணையில கேட்டா, தப்பு செய்யாதவ எதுக்கு வாராவாரம் போறான்னு நாமளே கேக்கலாம்."

பெண்டாட்டி தங்கச்சிக்குச் சோறு எடுத்து வைத்தாள். அவள் எப்போதுமே வாயைத் திறக்காத ரகம். அதனால்தான் அவனுக்கு அவளிடம் பயம் இல்லை.

டவரைத் திரும்பவும் திறக்கப் போகிறார்கள். விசாரணைக்கு அடுத்த நாள் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் ஊழியர்களை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமரா, திரை, ஸ்பீக்கர் எல்லாம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. பூங்காவில் ஈ காக்கை இல்லை. கேட்க ஆளில்லை என்று அவன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஒரு தடவை மேல போய்ப் பாரு. மேலேர்ந்து பாத்தா மஞ்சக் கோடு பளிச்சுனு தெரியும். எல்லாம் ஞாபகம் வந்துடும்."

"எனக்குப் பயமா இருக்குண்ணா. நான் இதுல ஏறினதே இல்லை."

"அஞ்சு வருஷமா ஊரையே ஏத்திவிட்டே. நீ ஒரு தடவை ஏறக் கூடாதா? உங்க அண்ணியும் கூட வருவா."

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, என்னால முடியாதுங்க. எனக்கு மாடிப்படியில நின்னாலே தலை சுத்தும்."

அவளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "மேல போனதும் அவகிட்ட பேசு. எழுதிடுன்னு சொல்லு. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா கேப்பா. அவ தலையை ஆட்டற வரைக்கும் நான் இறக்க மாட்டேன்."

"அவ ஆட்டலைன்னா?"

"அப்ப ரெண்டு பேரும் காத்து வாங்குங்க."

மோட்டார் குழிக்குப் பக்கத்தில் ஃபிட்டர் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். டவருக்கு வயது இருபது என்றால் அவர் அதனுடன் இருபது வருஷம். தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தானா? அப்போ சாவியை டெஸ்ட்ல போட்டுக்கோ. இல்லைன்னா காலி சீட்டுக் கம்பி பூட்டலைன்னு மெஷின் நகராது."

"தெரியும்."

"டெஸ்ட்ல போட்டா யாரு பூட்டியிருக்கா, யாரு பூட்டலைன்னு மெஷின் பாக்காது மைக்கு. நீதான் பாக்கணும். அது மட்டும் இல்லை, மோட்டார் மேல இழுக்கத்தான். மேல போனா விழுந்துதான் வரணும். வேண்டாம்னா நான் குழிக்குள்ள இறங்கிப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாத்தான் உண்டு. அரை மணி நேரம் ஆகும். எனக்கு முதுகு வலி வேற. வம்பு பண்ணாம ஓட்டு."

"இருபது வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"இருபது வருஷமா எவனும் கேக்கலை."

தங்கச்சியை நாலாம் நம்பரில் உட்காரச் சொன்னான். அவள் அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணி மூன்றில். இருவரும் செருப்பைக் கழற்றி மேடையில் விட்டிருந்தார்கள். தங்கச்சி பழக்க தோஷத்தில் அண்ணியின் கம்பியை இறக்கிப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், பெல்ட் மாட்டினாள். பிறகு தனக்கு மாட்டிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினாள்.

அவன் பட்டனை அழுத்தினான். மேடைக் கேமரா பளிச்சென்றது. டவர் ஏறியது.

உச்சியில் நின்றதும் கேபினில் இருந்த சின்னத் திரையில் இரண்டு முகங்களும் தெரிந்தன. படம் மட்டும்தான், மேலே பேசுவது கீழே கேட்காது. அண்ணி கண்ணை இறுக மூடியிருந்தாள். தங்கச்சி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மைக்கை எடுத்தான்.

"தெரியுதா மஞ்சக் கோடு? அங்கதான் நின்னே. அங்கதான் கையைத் தூக்கினே. ஞாபகம் வந்துடுச்சுன்னா தலையை ஆட்டு, இறக்கிடறேன்."

தங்கச்சி தலையை ஆட்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைம்மா. டீ குடிச்சுட்டு வரேன்."

ஒரு நிமிஷம் போயிற்று. காற்று அடித்ததும் இருக்கை வரிசை லேசாக ஆடியது. அண்ணியின் வாய் திறந்து மூடியது. கத்துகிறாள் என்று தெரிந்தது. ஃபிட்டர் கேபின் கதவருகில் வந்து நின்றார்.

"என்னய்யா பண்றே? உன் பெண்டாட்டி அழுவுது."

"அழட்டும். அழுதா நல்லது."

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. மேல புடிச்சிருக்கற கொக்கி சூடாவும்."

"இன்னும் கொஞ்சம்."

மூன்றாவது நிமிஷத்தில் அண்ணி கண்ணைத் திறந்தாள். தங்கச்சி பக்கம் திரும்பினாள். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். முதலில் ஒரு வார்த்தை, அப்புறம் நிறுத்தாமல். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவன் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா," என்றான் ஃபிட்டரிடம். "வேலை நடக்குது."

தங்கச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஏதோ கேட்டாள். அண்ணி பதில் சொன்னாள். தங்கச்சி திரும்பவும் கேட்டாள். அண்ணி தன் இரண்டு கைகளையும் கம்பியிலிருந்து எடுத்து, எதையோ பிடித்திருப்பதுபோல் காட்டிவிட்டு, உடனே கம்பியைக் கட்டிக்கொண்டாள். அது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. பேசட்டும் என்று இன்னொரு நிமிஷம் தாராளமாகக் கொடுத்தான்.

"என்ன, பேசி முடிச்சாச்சா? தலையை ஆட்டினா கீழ வரலாம்."

தங்கச்சி கேமராவை நேராகப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. விட்டான்.

தரைக்கு வந்து நின்றதும் பூட்டுகளைத் திறக்கும் பட்டனை அழுத்தினான். தங்கச்சி தன் பெல்ட்டைக் கழற்றி, கம்பியை மேலே தள்ளிவிட்டு இறங்கினாள். அண்ணி பெல்ட்டை மட்டும் தடவித் தடவிக் கழற்றினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை இன்னும் சுற்றியது. பூட்டுத் திறந்த கம்பி அவள் தோளில் சும்மா கிடந்தது.

தங்கச்சி மேடையில் குனிந்து தன் செருப்பை ஒரு கையில் எடுத்தாள். அண்ணி செருப்பை இன்னொரு கையில் எடுத்தாள். அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நடந்தாள். பாதி வழியில் நின்று கேபினைப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னிக்கும் என் ரெண்டு கையிலயும் செருப்பு இருந்துச்சாமே."

அவன் மைக்கைக் கீழே வைத்தான்.

"ரெண்டு கையிலயும் செருப்பை வெச்சுக்கிட்டு எந்தக் கையைத் தூக்கினேன்?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக வாயைத் திறக்காதவள். நாலு நிமிஷம் மேலே நிறுத்தி அவனே பேசவைத்திருக்கிறான். அவள் இறங்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது. திரும்ப மேலே போனால் மறுத்துச் சொல்வாள். நான் பயத்தில் உளறினேன் என்று சொல்வாள். சொல்லும் வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும். தோளில் கம்பி இருக்கிறது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

அழுத்தினான்.

பளிச்சென்றது. டவர் எழும்பியது. அண்ணி போட்ட சத்தம் கேபின் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

"டேய்!" என்று ஃபிட்டர் கத்தினார். "கம்பி பூட்டலைடா! பெல்ட் போடலைடா!"

அவன் வெளியே இருந்த பெரிய திரையைப் பார்த்தான். படம் வந்திருந்தது. மூன்றாம் நம்பரில் அவன் பெண்டாட்டி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே. பெல்ட் தொங்கியது. பக்கத்தில் தங்கச்சி, இரண்டு கையிலும் செருப்பு. பின்னால் கண்ணாடிக்குள் அவன். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை முகம் தெரிந்தது.

டவர் உச்சியில் போய் நின்றது. சின்னத் திரையில் அவள் கம்பியை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். காற்று அடிக்கும்போதெல்லாம் கம்பி அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போகப் பார்த்தது.

"விடற பட்டன் மேல கை வெச்சே, கொன்னுடுவேன்," என்றார் ஃபிட்டர். "நகரு. நான் குழிக்குள்ள போறேன். உள்ளேர்ந்து எனக்கு மேல தெரியாது. குழி மூடியோட கம்பி இடுக்குல அந்த மஞ்சக் கோடு மட்டும்தான் தெரியும். பாப்பா, நீ அங்க நில்லு. அண்ணி கெட்டியாப் புடிச்சுருக்கான்னு பாத்துட்டு நீ கையைத் தூக்கினாத்தான் பிரேக்கை விடுவேன். நீ தூக்கலைன்னா விட மாட்டேன். புரியுதா?"

"புரியுது," என்றாள் தங்கச்சி.

ஃபிட்டர் ஏணியில் இறங்கினார்.

"அவகிட்ட பேசு," என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டு மைக்கை வாயருகில் கொண்டுபோனான். ஒன்றும் வரவில்லை. பத்து வருஷம் அந்த மைக்கில் பேசியிருக்கிறான். அசையாதே என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி கேபினுக்குள் வந்து, செருப்பை ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு, மைக்கை வாங்கினாள்.

"அண்ணி, நான்தான். அசையாதீங்க. கம்பியைக் கெட்டியா அணைச்சுக்குங்க. ஆங், அப்படித்தான். கீழ பாக்காதீங்க."

மேலே முகம் கொஞ்சம் நிதானப்பட்டது.

"இப்ப கேளுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீங்க என்கூட வரணும். என்கிட்ட சொன்னதை அங்க சொல்லணும். படத்தை அழிச்சதையும் சேர்த்து. சரின்னா தலையை ஆட்டுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். "ஏய், என்னடி பண்றே?"

"நீ பண்ணினதுதான்."

"அவ விழுந்துடுவாடி. போய்க் கையைத் தூக்கு. முதல்ல இறக்கு."

"என்ன அவசரம்?" என்றாள் தங்கச்சி. மைக் இன்னும் வாயருகில்தான் இருந்தது. அவள் குரல் காலிப் பூங்கா முழுக்கக் கேட்டது. "மேல காத்து நல்லா வருதுல்ல?"

சின்னத் திரையில் அண்ணி தலையை ஆட்டினாள். வேகமாக, பல தடவை.

"இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை தையக்காரர் வீட்டுக்கு வரணும். அந்தப் பொண்ணு முன்னாடி, அவங்க அம்மா முன்னாடி சொல்லணும். அவங்க துடைப்பத்தை எடுத்தா வாங்கிக்கணும்."

அண்ணி அழுதாள். தலையை ஆட்டினாள்.

"எட்டு மாசமா தெரிஞ்சும் நான் போறதைப் பாத்துட்டிருந்தீங்கல்ல அண்ணி? ஒவ்வொரு வாரமும் எனக்குச் சோறு போட்டு அனுப்பினீங்கல்ல?"

அதற்கு அண்ணி எதையும் ஆட்டவில்லை. தங்கச்சி காத்திருந்தாள். காற்று அடித்தது. கம்பி எழும்பியது, மேலே இருந்தவள் தாடையால் அதை அமுக்கினாள்.

"காலைப் புடிக்கறேன்," என்றான் அவன். "நானே வந்து சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். அவளை இறக்கு."

தங்கச்சி பதில் சொல்லாமல் மைக்கை மேசையில் வைத்தாள். வெளியே போனாள். குழிக்குள்ளிருந்து ஃபிட்டர், "என்ன பாப்பா, விடலாமா?" என்று கத்தினார். அவள் நிதானமாக நடந்து மஞ்சள் கோட்டில் போய் நின்றாள். குனிந்து ஒரு ஜோடி செருப்பைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொரு ஜோடி. இரண்டையும் கோட்டுக்கு நேராகச் சரிசெய்தாள். நிமிர்ந்து கேபினைப் பார்த்தாள்.

"அண்ணா, பாத்துட்டு இருக்கியா?"

"பாக்கறேன்."

"நல்லாப் பாரு," என்றாள். கையைத் தூக்கினாள்.